கேம்பர் வேனில் சமையல் மேடையும் டேங்க் சென்சாரும்: சேலம் – ஏற்காடு வண்டிகளுக்கான கேள்வி பதில்கள்

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு, சுமார் 1,500 மீட்டர். அக்னி நட்சத்திர வெயிலில் கிளம்பிய கேம்பர் வேன் (உள்ளேயே சமைத்துத் தங்கும்படி மாற்றிய வண்டி) ஒரு மணி நேரத்தில் பனிமூட்டத்துக்குள் நிற்கும். சமவெளியில் பல வருஷம் தாங்குகிற சமையல் மேடையும், தண்ணீர் டேங்கின் அளவு காட்டும் சென்சாரும் இந்த ஏற்றத்தில் முதல் வாரமே குறையைக் காட்டிவிடும். அதனால் கீழே உள்ள அளவுகளும் பொருள்களும் மலை ஏறி இறங்கும் வண்டியை மனதில் வைத்தே சொல்லப்பட்டுள்ளன.

மேடை முதலில் போடுவதா, டேங்க் முதலில் வைப்பதா?

டேங்க்தான் முதலில். இந்த வரிசை மாறினால் பின்னால் எதையும் சரி செய்ய முடியாது. டேங்கின் மேலிருந்து இறக்கும் சென்சார் நேர்குத்தாகத்தான் வெளியே வரும். 25 செ.மீ. உயர டேங்குக்கு 23 செ.மீ. நீளக் கம்பி போட்டால், அதைக் கழற்றி எடுக்க டேங்கின் மேல் குறைந்தது 28 செ.மீ. வெற்றிடம் வேண்டும். மேடைக்கு அடியில் தட்டு அடித்து, டிராயர் போட்டு முடித்த பிறகு அந்த இடம் இருக்காது. சென்சார் கெட்டால் மேடையையே கழற்ற வேண்டியதுதான்.

முதலில் டேங்கை அதன் இடத்தில் வைத்து, சென்சார் துளைக்கு நேர் மேலே என்ன வரும் என்று பாருங்கள். அங்கே தட்டு வருகிறது என்றால் அதை ஆணி அடிக்காமல், தூக்கி எடுக்கிற மாதிரி போடுங்கள். டிராயர் வருகிறது என்றால் டிராயரை முழுதும் இழுத்துக் கழற்ற முடிய வேண்டும். இரண்டுக்கும் வழியில்லை என்றால் டேங்கின் பக்கவாட்டில் வெளியே ஒட்டும் சென்சாருக்குப் போய்விடலாம். ஆனால் அதற்கும் கை நுழையும் 15 செ.மீ. சதுரக் கதவு ஒன்று வேண்டும்.

வேனுக்குள் இதையெல்லாம் கட்ட அனுமதி வேண்டுமா?

வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆம் பிரிவின்படி பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளர் விவரத்திலிருந்து வண்டி மாறக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019-ல் இதை உறுதி செய்திருக்கிறது. வீடு போல் கட்டிய வண்டிகளுக்கென்று ஏஐஎஸ் 124 என்ற தனித் தரம் இருக்கிறது. சீட்டைக் கழற்றும் முன்பே, தரையில் துளை போடும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் கழற்றச் சொல்லும் நிலை வரலாம்.

கிரானைட் மேடை போடலாமா? கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து நல்ல கல் எளிதாகக் கிடைக்கிறதே.

வீட்டுக்குப் போடுங்கள், வண்டிக்கு வேண்டாம். கணக்கைப் பாருங்கள். 1,200 மி.மீ. நீளம், 500 மி.மீ. அகலம் உள்ள மேடை 0.6 சதுர மீட்டர். 20 மி.மீ. கிரானைட்டில் இது 32 கிலோவுக்கு மேல். அதே மேடை 18 மி.மீ. பிளைவுட்டில் இரு பக்கமும் மைக்கா ஒட்டினால் சுமார் 9 கிலோ. 12 மி.மீ. பிளைவுட்டின் மேல் 1 மி.மீ. ஸ்டீல் தகடு போட்டால் 10 கிலோவுக்குள்.

எடை மட்டும் பிரச்சினை இல்லை. கிரானைட்டுக்கு வளையத் தெரியாது, வண்டியின் பாடியோ வளைவிலும் பள்ளத்திலும் முறுகும். சிங்க்குக்காக வெட்டிய இடத்தின் மூலையில் கல் குறுகலாக இருப்பதால் அங்கேதான் முதலில் விரிசல் விழும். தரைக்கு மேல் 85 செ.மீ. உயரத்தில் 32 கிலோவைத் தூக்கி வைப்பதால் வளைவில் வண்டி சாய்வதும் கூடும்.

அப்படியென்றால் எந்தப் பிளைவுட்?

ஐஎஸ் 710 முத்திரை உள்ள கடல்சார் ரகம். கடைகளில் 'மரைன்' அல்லது '710' என்று கேட்டாலே தெரியும். ஐஎஸ் 303 ரகம் அலமாரிப் பக்கங்களுக்குப் போதும், சிங்க் இருக்கும் மேடைக்குப் போதாது. ஏற்காட்டில் மழைக்காலத்தில் இரண்டு நாள் கண்ணாடியைத் திறக்க முடியாமல் சமைத்தால், நீராவி முழுவதும் மேடையின் வெட்டு ஓரத்தில்தான் போய் உட்காரும். ஓரம் உறிஞ்சினால் உள் அடுக்கு உப்பும், மைக்கா தூக்கும்.

தாங்கும் சட்டம் எத்தனை இடைவெளியில் என்பதையும் பாருங்கள். 18 மி.மீ. பலகைக்கு 60 செ.மீ. இடைவெளி, 12 மி.மீ. பலகைக்கு 40 செ.மீ. சட்டத்துக்கு 25 மி.மீ. சதுர அலுமினியக் குழாய் போதுமானது. மர ரீப்பர் போட்டால் எடை கூடும்; வெயிலில் உலர்ந்து ஸ்க்ரூவும் தளரும்.

மைக்காவை மேலே மட்டும் ஒட்டி அடியில் விட்டுவிடுவது பரவலாக நடக்கிற தவறு. ஒரு பக்கம் மட்டும் மூடிய பலகை ஈரத்தை மறு பக்கத்தில் மட்டும் ஏற்கும், அதனால் வில் போல் வளையும். அடிப்பக்கத்துக்கு மெல்லிய மலிவான மைக்கா போதும். ஆனால் கட்டாயம் ஒட்டுங்கள்.

பிவிசி போர்டு தண்ணீருக்கு அழியாதே, அதைப் போட்டால் என்ன?

அலமாரிக் கதவுக்கு நல்லது. மேடைக்கு இரண்டு காரணத்தால் ஆகாது. பூட்டி வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் அது தொய்யத் தொடங்கும். சூடான குக்கரை வைத்தால் தடம் விழும். அடுத்தது ஸ்க்ரூ. நுரை போன்ற உட்பகுதியில் ஸ்க்ரூ முதல் தடவை பிடிக்கும், ஒரு தடவை கழற்றிப் போட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும். கீல் போடும் இடத்தில் மட்டும் மரத்துண்டு பதித்துக்கொண்டால் கதவுக்குப் பிரச்சினை இல்லை.

ஸ்டீல் மேடை எப்படி? உருக்காலை உள்ள ஊரில் தகடு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

அடிக்கடி சமைக்கிறவர்களுக்கு ஸ்டீல் மேடையைத்தான் முதலில் சொல்வோம். 304 ரகம், 1 மி.மீ. தடிமன். 'காந்தம் ஒட்டவில்லை, அதனால் 304' என்ற பேச்சை நம்ப வேண்டாம். 200 வரிசை மலிவு ரகத்திலும் காந்தம் ஒட்டாது. மறுபக்கம், நல்ல 304 தகட்டை மடித்த மூலையில் காந்தம் லேசாக ஒட்டக்கூடும். ரகம் எழுதிய பில் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் ரகம் காட்டும் சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

முன் ஓரத்தை 30 மி.மீ. கீழ்நோக்கி மடித்து, நுனியை 5 மி.மீ. உள்பக்கம் திருப்பி அழுத்தச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்த நுனி பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும். சுவர்ப் பக்கம் 40 மி.மீ. மேல்நோக்கி மடிப்பு. தகட்டைப் பலகையோடு பாலியூரிதேன் பசையால் பரவலாக ஒட்ட வேண்டும். ஓரத்தில் மட்டும் ஸ்க்ரூ போட்டால் நடுப்பகுதி வழியெல்லாம் தகரக் கொட்டகை போல் அதிரும்.

ஒரு வருஷத்தில் மைக்கா ஓரம் பிரிந்து வருகிறது. ஏன்?

பெரும்பாலும் மஞ்சள் நிற ரப்பர் பசையால் ஒட்டியிருப்பார்கள். பூட்டிய வண்டியின் சூட்டில் அது இளகும். ஓரத்தில் இழுவிசை அதிகம் என்பதால் அங்கிருந்து கிளம்பும். மேடைக்குத் தண்ணீர் தாங்கும் வெள்ளைப் பசை போட்டு, எடை வைத்து இரவு முழுக்க அழுத்துவது நல்லது. ரப்பர் பசைதான் என்றால் இரண்டு முகத்திலும் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத நிலை வந்த பிறகே சேர்க்க வேண்டும். சேலத்து மே மாதத்தில் அந்த நிலை சில நிமிஷத்திலேயே வந்துவிடும், அதனால் பெரிய பரப்பை ஒரே மூச்சில் தடவாதீர்கள்.

சிங்க் துளையை எப்படி வெட்டுவது?

சிங்க்கைக் கவிழ்த்து வெளி ஓரத்தை வரைந்து, அந்தக் கோட்டுக்கு 10 முதல் 12 மி.மீ. உள்ளே வெட்டுக்கோடு போடுங்கள். நான்கு மூலையிலும் முதலில் 10 மி.மீ. துளை. பிறகு துளைக்குத் துளை ஜிக்சா. மூலையைக் கூராக வெட்டினால் மைக்காவில் அங்கிருந்து மயிரிழை விரிசல் ஓடும். சாதாரண ஜிக்சா பிளேடு மேல்நோக்கி இழுத்து வெட்டும். அதனால் பலகையைக் கவிழ்த்து அடிப்பக்கத்திலிருந்து வெட்டினால் மேல் மைக்கா சிதறாது.

வெட்டிய ஓரம்தான் மேடையின் உயிர்நாடி. இரண்டு கை எபாக்சி தடவி, அடுத்த நாள் சிலிக்கான் வைத்து சிங்க்கை உட்கார வையுங்கள். 'மேலே சிங்க் மூடிவிடும், எதற்கு?' என்று ஆசாரி கேட்டாலும் விடாதீர்கள். பலகை அழுகுவது அந்த மறைந்த ஓரத்திலிருந்துதான்.

மேடையை வண்டியோடு எதில் பிடிப்பது?

பாடியின் விலா எலும்பு போன்ற சட்டங்களில், எம்6 ரிவெட் நட் (துளையில் அழுத்திப் பிடிக்க வைக்கும் நட்) போட்டு. துளை 9 மி.மீ. வெளித் தகட்டில் நேரடியாகத் தகர ஸ்க்ரூ போட்டால் அதிர்வில் துளை பெரிதாகும், பிறகு துருப்பிடிக்கும். துளை போட்டதும் இரும்புத் தூளை வேக்குவம் போட்டு முழுவதும் எடுத்துவிடுங்கள். தரை மடிப்பில் தங்கிய தூள் முதல் மழையிலேயே துருவாகும். துளை ஓரத்தில் துத்தநாக பிரைமர் தடவுங்கள். நட்டுகள் எல்லாம் நைலான் வளையம் உள்ளவையாக இருக்கட்டும்.

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் இந்த வேலையின் நுணுக்கம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எங்கே சட்டம் ஓடுகிறது, எங்கே துளைக்கக் கூடாது என்று அவர்களிடம் கேட்டுவிட்டுத் தொடங்கினால் பாதி தவறு குறையும்.

கொண்டை ஊசி வளைவில் பாத்திரம், டிராயர் எல்லாம் பறக்காமல் இருக்க?

மேடையின் திறந்த ஓரங்களில் 20 மி.மீ. உயர விளிம்பு. டிராயருக்கு அழுத்தினால் திறக்கும் பூட்டு. காந்தப் பூட்டு போதாது. சாமான் நிறைந்த டிராயர் ஒரே வளைவில் அதை இழுத்துத் திறந்துவிடும். முடிந்தால் டிராயரை வண்டியின் நீளவாக்கில் இழுபடும்படி அமையுங்கள், பக்கவாட்டில் இழுபட்டால்தான் வளைவுகளில் தொல்லை. கனமான அரிசி, பருப்பு டப்பாக்கள் கீழ்த் தட்டுக்குப் போகட்டும்.

டேங்க் எவ்வளவு பெரிது, எங்கே வைப்பது?

இரண்டு பேர், இரண்டு நாள், குளியல் வெளியே என்றால் 60 முதல் 80 லிட்டர் போதும். லிட்டருக்கு ஒரு கிலோ என்பதை மறக்க வேண்டாம். 80 லிட்டர் டேங்க் நிறைந்தால் ஒரு ஆள் கூடுதலாக ஏறிய மாதிரி. தரையோடு ஒட்டி, இரண்டு அச்சுக்கும் நடுவில், அலமாரியும் பேட்டரியும் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வைத்தால் எடை சமமாகும். பின் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்தால் ஏற்றத்தில் முன் சக்கரம் லேசாகும், ஸ்டியரிங்கில் அது தெரியும்.

பாதி நிறைந்த டேங்க்தான் வளைவில் அதிகம் ததும்பும். உள்ளே துளையிட்ட தடுப்புத் தகடு உள்ள டேங்காகப் பாருங்கள்.

காற்றுக் குழாய் மிக முக்கியம். டேங்கின் உச்சியிலிருந்து 12 மி.மீ. குழாயை நிரப்பும் வாய்க்கு மேல் உயரம் வரை கொண்டுபோய், நுனியில் பூச்சி புகாத வலை கட்டுங்கள். மெல்லிய குழாய் போட்டால் நிரப்பும்போது தண்ணீர் முகத்தில் திருப்பி அடிக்கும்.

எந்த வகை சென்சார் வாங்குவது?

நல்ல தண்ணீர் டேங்குக்கு, ஸ்டீல் குழாய்க்குள் ரீட் சுவிட்ச் (காந்தம் அருகே வந்தால் இணையும் சிறு சுவிட்ச்) வைத்து வெளியே காந்த மிதவை ஏறி இறங்கும் வகை. இதுதான் எங்கள் முதல் சிபாரிசு. தண்ணீரின் உப்பு, வெப்பம், உயரம் எதுவும் இதைப் பாதிக்காது. சுமார் 2 செ.மீ. படிகளாகத்தான் காட்டும், அது போதும். ஐந்து துளை ஃபிளேஞ்சில் (டேங்கில் பொருத்தும் வட்டத் தகடு) வரும். அந்த ஐந்தும் சம இடைவெளியில் இருக்காது, ஒரே திசையில்தான் பொருந்தும். கையில் வந்த ஃபிளேஞ்சை டேங்கின் மேல் வைத்துக் குறித்த பிறகே துளையுங்கள்.

டேங்க் பக்கத்தில் நான்கு ஸ்க்ரூ திருகி, தண்ணீர் எட்டினால் விளக்கு எரியும் வகை மலிவானது. சேலத்து போர் தண்ணீரில் ஸ்க்ரூக்களைச் சுற்றி உப்புப் படிந்து, ஈரமான அந்தப் படிவம் வழியாகவே மின்சாரம் ஓடும். காலி டேங்கும் 'நிறைவு' என்று காட்டும். ஆர்ஓ தண்ணீர் நிரப்பினாலோ நேர் எதிர். அதில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் சரியாகக் கடத்தாது, நிறைந்த டேங்கைக் 'காலி' என்கும். தொடர்ந்து நேர்மின்சாரம் ஓடினால் ஸ்க்ரூவும் அரிக்கும். பார்க்கும்போது மட்டும் அழுத்துகிற சுவிட்ச் வைத்தால் ஆயுள் கூடும்.

வெளியே ஒட்டும் கொள்திறன் (கெபாசிட்டிவ்) சென்சார் பிளாஸ்டிக் டேங்குக்கு மட்டுமே. ஸ்டீல் டேங்கில் வேலை செய்யாது. இரும்புப் பட்டையிலிருந்து விலக்கி ஒட்டுங்கள். ஏற்காட்டுக் குளிரில் டேங்கின் வெளிப்பக்கம் வியர்த்தால் அந்த ஈரத்தையும் தண்ணீராக எண்ணிவிடும். ஒட்டிய பின் சுற்றிலும் சிலிக்கான் பூசி, மேலே நுரைத் தாள் ஒட்டி மூடுங்கள்.

அல்ட்ராசோனிக் சென்சார் எல்லோரும் மாடி டேங்குக்குப் போடுகிறார்களே?

மாடி டேங்க் ஒரு மீட்டருக்கு மேல் உயரம். வேன் டேங்க் 25 செ.மீ. சந்தையில் பரவலாகக் கிடைக்கும் நீர்புகா வகைக்கு முதல் 20 செ.மீ. குருட்டுத் தூரம், அதற்குள் உள்ள எதையும் அளக்காது. அப்புறம் மிச்சம் 5 செ.மீ. மட்டுமே. ததும்பும் நீரும் மூடியில் நிற்கும் நீர்த்துளியும் எதிரொலியைக் கெடுக்கும். வேண்டாம்.

சேலத்தில் சரியாகக் காட்டிய அழுத்த சென்சார் ஏற்காட்டில் 'காலி' என்கிறது. கெட்டுவிட்டதா?

கெடவில்லை. தவறான வகை வாங்கப்பட்டிருக்கிறது. 25 செ.மீ. தண்ணீர் அடியில் தரும் அழுத்தம் சுமார் 2.5 கிலோபாஸ்கல் மட்டுமே. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது காற்றழுத்தம் சுமார் 98-லிருந்து 85 கிலோபாஸ்கலுக்கு இறங்கும். 13 கிலோபாஸ்கல் வித்தியாசம் என்பது 1.3 மீட்டர் தண்ணீருக்குச் சமம். சேலத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போய் உப்பி நிற்பதும் இதனால்தான். காற்றையும் சேர்த்து அளக்கும் முழு அழுத்த சென்சாருக்கு இந்த இறக்கம் முழுவதும் 'தண்ணீர் போய்விட்டது' என்றுதான் படும்.

வாங்க வேண்டியது இரு முனை வித்தியாசத்தை அளக்கும் வகை. ஒரு முனை டேங்கின் அடிக்கு, மறு முனை வெளிக் காற்றுக்கு. எம்பிஎக்ஸ்5010 போன்றது 10 கிலோபாஸ்கல் வரை அளக்கும், கிலோபாஸ்கலுக்கு 0.45 வோல்ட் ஏறும். 25 செ.மீ. டேங்கில் காலிக்கும் நிறைவுக்கும் இடையே சுமார் 1.1 வோல்ட் வித்தியாசம் கிடைக்கும். இது காற்றுக்கான சென்சார், தண்ணீர் நேரடியாகப் படக் கூடாது. அதனால் டேங்குக்குள் அடிவரை ஒரு மெல்லிய குழாய் இறக்கி, அதில் அடைபட்ட காற்றின் வழியே அளப்பார்கள். அங்கேயும் மலை குறுக்கிடும். மேலிருந்து சேலத்துக்கு இறங்கும்போது குழாயில் உள்ள காற்று சுருங்கி, தண்ணீர் குழாய்க்குள் ஏறும், அந்த அளவுக்குக் குறைவாகக் காட்டும். டேங்க் முழுதும் காலியாகி மறுபடி நிரம்பும்போது தானே சரியாகும். சென்சாரை டேங்கின் உச்சிக்கு மேல் வைத்து, குழாயை முடிந்த அளவு குட்டையாக வைத்தால் பிழை குறையும்.

வெளிக் காற்று முனையை வண்டிக்குள் உலர்ந்த இடத்தில், கீழ்நோக்கி வையுங்கள். ஒரு நீர்த்துளியோ குளவிக் கூடோ அடைத்தால் பழைய பிரச்சினையே திரும்ப வரும்.

சரிவில் நிறுத்தினால் அளவு மாறுகிறதே?

ஏற்காட்டில் சமதளமாக வண்டி நிறுத்த இடம் கிடைப்பது அரிது, ஆகவே இது இருந்தே தீரும். 80 செ.மீ. நீள டேங்க் 5 டிகிரி சாய்ந்தால் இரு முனைகளுக்கும் இடையே 7 செ.மீ. நீர்மட்ட வித்தியாசம் வரும். சென்சார் ஒரு முனையில் இருந்தால் 3.5 செ.மீ. பிழை, 40 செ.மீ. அகல டேங்கில் அது 11 லிட்டர். சென்சார் நட்ட நடுவில் இருந்தால் பிழை ஏறக்குறைய இல்லை. டேங்க் வாங்கும்போதே நடுவில் துளையிட இடம் உள்ளதா என்று பாருங்கள். மேடையில் சின்ன ரசமட்டம் ஒன்றை ஒட்டிவைத்தால், எண்ணை நம்பலாமா என்று பார்த்தவுடன் தெரியும். சிங்க்கில் தண்ணீர் எந்தப் பக்கம் தேங்கும் என்பதும் தெரியும்.

மிதவை சென்சாருக்கும் மீட்டருக்கும் பொருத்தம் பார்ப்பது எப்படி?

இரண்டு வழக்கம் உண்டு. அமெரிக்க வகையில் காலி 240 ஓம், நிறைவு 33 ஓம். ஐரோப்பிய வகையில் காலி 10 ஓம், நிறைவு 180 ஓம். ஒன்றின் சென்சாரை மற்றதன் மீட்டரோடு சேர்த்தால் முள் தலைகீழாக ஓடும். பொருத்தும் முன் மிதவையைக் கையால் ஏற்றி இறக்கி மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள்.

இஎஸ்பி32 போர்டு (நிரல் எழுதி ஓட்டும் சிறு மின்னணுப் பலகை) வைத்து நீங்களே செய்வதானால், 240–33 வகைக்கு 100 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராகப் போட்டு 3.3 வோல்ட் கொடுங்கள். நிறைவில் சுமார் 0.8 வோல்ட், காலியில் சுமார் 2.3 வோல்ட் வரும். அந்த போர்டு இரு கோடிகளிலும் சரியாக அளக்காது, நடுவில் நன்றாக அளக்கும். இந்த மதிப்புகள் அந்த நடுப்பகுதியில் விழும். 20 வினாடிச் சராசரி எடுத்துக் காட்டினால் ததும்பலில் எண் துள்ளாது. 12 வோல்ட்டிலிருந்து வரும் லைனுக்கு 1 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம்.

லிட்டர் கணக்கு சரியாக வர?

ரசமட்டம் வைத்து வண்டியைச் சமமாக நிறுத்துங்கள். காலி டேங்கில் 5 லிட்டர் கேனால் ஒவ்வொன்றாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் அரை நிமிஷம் பொறுத்து எண்ணைக் குறியுங்கள். 80 × 40 × 25 செ.மீ. நேர் டேங்கில் ஒரு செ.மீ. உயரத்துக்கு 3.2 லிட்டர், எங்கும் ஒரே மாதிரி. சக்கர வளைவின் மேல் உட்காரும்படி வெட்டிய டேங்கில் கீழ்ப் பாதி குறுகல், மேல் பாதி அகலம். அதில் மீட்டர் 'பாதி' என்றால் உள்ளே இருப்பது பாதிக்கும் குறைவு. ஊற்றிக் குறித்த பட்டியல் ஒன்றுதான் அதற்கு மருந்து. பட்டியலை மேடைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.

கழிவுநீர் டேங்குக்கும் அதே சென்சார் போதுமா?

போதாது. எண்ணெய், முடி, சோற்றுப் பருக்கை எல்லாம் சேர்ந்து மிதவையைக் கம்பியோடு ஒட்டிவிடும். இங்கே வெளியே ஒட்டும் வகையே மேல். முக்கால் உயரத்தில் ஒன்று போதும், 'நிறையப் போகிறது' என்று சொன்னால் சரி.

கஞ்சி வடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது: கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியை சிங்க்கில் ஊற்றாதீர்கள். சாதாரண பிவிசி குழாய் 60 டிகிரிக்கு மேல் தொய்யும். ஆறிய கஞ்சி டேங்கின் உள்சுவரில் படலமாக ஒட்டிக்கொண்டு, டேங்கைக் காலி செய்த பிறகும் சென்சாரை 'நிறைவு' என்று சொல்ல வைக்கும். தனிப் பாத்திரத்தில் வடித்துவிடுங்கள். ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிப்பதால் திறந்த பானையில் சோறு வேக நேரமும் எரிவாயுவும் கூடுதல். குக்கர் வைத்தால் கஞ்சிப் பிரச்சினையே இல்லை.

வெளியேற்றும் குழாய் 40 மி.மீ., பந்து வால்வுடன். காபித் தோட்ட ஓரத்திலோ ஏரிப் பக்கமோ திறந்துவிடக் கூடாது. சேலம் திரும்பி வீட்டுச் சாக்கடையில் விடும் அளவுக்கு டேங்க் பெரிதாக இருக்கட்டும்.

மீட்டர் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கிறது. எங்கே தேடுவது?

240–33 வகையில் ஒயர் அறுந்தால் முள் 'காலி'யில் நிற்கும், ஒயர்கள் ஒட்டிக்கொண்டால் 'நிறைவு'. ஐரோப்பிய வகையில் இது தலைகீழ். சென்சார் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். முள் நகர்ந்தால் மீட்டர் சரி, கோளாறு சென்சாரில். நகரவில்லை என்றால் எர்த்தைப் பாருங்கள். பிளாஸ்டிக் டேங்கில் சென்சாருக்குத் தனி எர்த் ஒயர் வேண்டும், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். பம்ப் ஓடும்போது மட்டும் முள் ஆடினால் இரண்டும் ஒரே எர்த் போல்ட்டைப் பகிர்கின்றன என்று பொருள், பிரித்துவிடுங்கள்.

ஓம் அளவு சரியாக இல்லை என்றால் சென்சாரை வெளியே எடுத்து, லிட்டருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். மிதவை தடையில்லாமல் வழுக்கினால் போதும். போர் தண்ணீர் நிரப்புகிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்யுங்கள்.

மேடைக்கு அடியில் சிலிண்டர் வைக்கலாமா?

5 கிலோ சிலிண்டரை, வண்டிக்குள் திறக்காத தனிப் பெட்டியில் வைக்கலாம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். பெட்டியின் அடியில் வண்டிக்கு வெளியே போகும் துளை அவசியம். அந்தத் துளை சைலன்சருக்கு மேல் வரக் கூடாது. ஓட்டும்போது ரெகுலேட்டர் மூடியே இருக்கட்டும். டேங்க் சென்சார் ஒயரும் பம்ப் சுவிட்சும் அந்தப் பெட்டிக்குள் போகவே கூடாது, சுவிட்சின் சிறு பொறி போதும்.

புது டேங்கில் பிளாஸ்டிக் வாடை வருகிறது.

80 லிட்டருக்கு 80 மி.லி. வாசனை சேர்க்காத 5 சதவீத ஹைப்போகுளோரைட் திரவம் கலந்து, எல்லாக் குழாயிலும் குளோரின் வாடை வரும் வரை திறந்து மூடி, நான்கு மணி நேரம் விடுங்கள். பிறகு இரண்டு தடவை நல்ல தண்ணீரால் அலசுங்கள். டேங்கைத் துளைத்தபோது உள்ளே விழுந்த பிளாஸ்டிக் சுருள்களை இதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அவை பம்பின் வடிகட்டியை அடைக்கும்.

முதல் பயணத்துக்கு முன் என்ன சோதிப்பது?

டேங்கை முழுதும் நிரப்பி, ஃபிளேஞ்சைச் சுற்றி டிஷ்யூ தாள் சுற்றிவிட்டு, அடிவாரம் வழியாக ஏறி குப்பனூர் வழியாக இறங்குங்கள். திரும்பியதும் தாள் ஈரமா என்று பாருங்கள். மேடையின் ஒவ்வொரு போல்ட் தலையிலும் கிளம்பும் முன் பெயின்ட் கோடு போட்டிருந்தால், எது திரும்பியிருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். திரும்பிய போல்ட்டை மட்டும் இறுக்கினால் போதாது. அந்த இடத்தில் ரிவெட் நட் சட்டத்தில் பிடித்திருக்கிறதா, வெறும் தகட்டில் நிற்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். 200 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை.